அமெரிக்கக் கோடையில் வரும் பேய், ஜந்து, வேற்றுகிரகப் படங்கள்: எதைப் பார்க்கலாம்? தொடர்களில் என்ன தேறும்?

பாளையங்கோட்டைப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். அடிக்கிற வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் லீவு முழுக்கப் படம் பார்ப்பது என்று முடிவு. எனக்குப் பிடித்தது மூன்றே வகைதான்: பேய், வேற்றுகிரகத்து ஜந்து, கடித்துக் குதறும் மிருகம். காதல் படம், குடும்பப் படம் எல்லாம் தயவுசெய்து சொல்லாதீர்கள், அம்மாவுடன் சேர்ந்து தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அமெரிக்காவில் பெரிய படங்கள் எல்லாம் கோடையில்தான் வரும் என்கிறார்கள். சமீபத்தில் அப்படி வந்தவற்றில் பாதிக்கு மேல் பார்த்துவிட்டேன். வானத்தில் ஓட்டை விழுகிறது, கட்டடம் சரிகிறது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து அடிக்கிறார்கள், முடிந்தது. மறுநாள் காலையில் ஒரு காட்சிகூட மனசில் நிற்பதில்லை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஜாஸ் பார்த்தேன். அடுத்த நாள் தாமிரபரணியில் இறங்கும்போது காலைச் சுருக்கிக்கொண்டுதான் குளித்தேன், ஆற்றில் சுறா வராது என்று தெரிந்தும். அதுவும் கோடைப் படம்தானே? அப்படியென்றால் நடுவில் என்ன ஆனது? தொடர்களிலும் ஏதாவது சொல்லுங்கள். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

இரண்டாம் ஆட்டம்

தம்பி, ஜூன் மாதத்தை விடு, ஆகஸ்டைப் பார். வருஷக்கணக்கில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்பாரில்லை, நீயாவது கேள்.

மே கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே வருகிறது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை லேபர் டே. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அவர்களுடைய கோடை. ஆனால் அதற்குள் எல்லா வாரத்துக்கும் ஒரே மதிப்பு கிடையாது. மே கடைசி, ஜூன், ஜூலை 4-ஐ ஒட்டிய நாட்கள், இவற்றைப் பெரிய ஸ்டுடியோக்கள் வருஷங்களுக்கு முன்பே துண்டு போட்டுப் பிடித்துவிடும். கோடிகோடியாகக் கொட்டியவன் யாரையும் முகம் சுளிக்க வைக்க மாட்டான். எட்டு வயசுப் பையன், அவன் பாட்டி, ஷாங்காயில் டிக்கெட் வாங்கியவர், மூன்று பேரும் ஒரே இடத்தில் கைதட்ட வேண்டும். அப்படி அரைத்த மாவில் கல் எங்கே இருக்கும்? உனக்கு மறுநாள் ஒன்றும் நினைவில்லாததற்கு உன் மூளை காரணமில்லை.

ஆகஸ்ட் வந்ததும் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், கூட்டம் கரையும். ஸ்டுடியோக்காரர்களுக்கு அது ஆடி மாதம் மாதிரி. விற்குமா விற்காதா என்று தெரியாத சரக்கை எல்லாம் அப்போதுதான் கடைவாசலில் கொட்டுவார்கள். நமக்கு வேண்டியது அந்தக் குவியலில்தான் கிடக்கும்.

டேவிட் குரோனன்பர்க் எடுத்த தி ஃப்ளை வந்தது 1986 ஆகஸ்ட் 15. ஒரு விஞ்ஞானி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பொருளை அனுப்பும் இயந்திரம் செய்கிறான். தானே உள்ளே போய் உட்காரும்போது ஓர் ஈயும் சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. ஜெஃப் கோல்ட்ப்ளம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நகத்தைக் கடிக்கிறான், நகம் முழுசாகக் கழன்று வருகிறது. விரல் நுனியை அழுத்திப் பார்க்கிறான், ஏதோ தெறித்துக் கண்ணாடியில் ஒழுகுகிறது. பிறகு உதிர்ந்த பல்லையும் மற்றதையும் மருந்து அலமாரியில் அடுக்கி வைத்து, அருங்காட்சியகம் என்று பெயர் வேறு வைக்கிறான். ஒரு கட்டத்தில் அவன் காது கையோடு வந்துவிடுகிறது. காதலி அலறிக்கொண்டு ஓடுவாள் என்று பார்த்தால் அவனை இறுகக் கட்டிக்கொள்கிறாள். நீ காதல் படம் வேண்டாம் என்றாய், இது காதல் படம்தான். பரவாயில்லை, பார்.

தி சிக்ஸ்த் சென்ஸ் 1999 ஆகஸ்ட் 6. இயக்குநர் மனோஜ் நைட் ஷியாமளன் பிறந்தது நம்ம புதுச்சேரி யூனியனைச் சேர்ந்த மாஹேயில், அம்மா தமிழ்க்காரர். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாளும்கூட. ஐந்து வாரம் வசூலில் முதலிடத்தில் நின்றது, சிறந்த படம் உட்பட ஆறு ஆஸ்கர் பரிந்துரை. டிஸ்ட்ரிக்ட் 9 வந்தது 2009 ஆகஸ்ட் 14. ஜோகன்னஸ்பர்க் மேல் ஒரு விண்கலம் வந்து பழுதாகி நிற்கிறது. உள்ளே இருந்தவர்களைச் சேரியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். 3 கோடி டாலரில் எடுத்த படம் அது, சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போனது. 2025 ஆகஸ்ட் 8-இல் வெப்பன்ஸ். அதிகாலை 2:17-க்கு ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 பிள்ளைகள் படுக்கையிலிருந்து எழுந்து, கதவைத் திறந்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு இருட்டில் ஓடுகிறார்கள். எங்கே, ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டத்தை மறப்பாயா பார்க்கலாம்.

இனி, நம்ம சரக்கு ஜூனில் வந்து மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1982.

அந்த ஜூன் 25 வெள்ளிக்கிழமை இரண்டு படங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று ரிட்லி ஸ்காட்டின் பிளேடு ரன்னர், இன்னொன்று ஜான் கார்பென்டரின் தி திங். இரண்டுமே ஊத்திக்கொண்டன. ஏனென்றால் இரண்டு வாரத்துக்கு முன் ஜூன் 11-இல் ஈ.டி. வந்திருந்தது. வேற்றுகிரகத்திலிருந்து வருபவர் மிட்டாய் தின்பார், விரலைத் தொட்டால் காயம் ஆறும் என்று அந்த நாடே உருகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கார்பென்டர் போய், வேற்றுகிரகத்திலிருந்து வருவது உங்கள் நண்பனின் வயிற்றுக்குள் பல்லோடு உட்கார்ந்திருக்கும் என்று காட்டினால் யார் பார்ப்பார்கள்? இதில் வேடிக்கை, ஈ.டி.யையும் தி திங்கையும் வெளியிட்டது ஒரே யுனிவர்சல் ஸ்டுடியோதான். 1.5 கோடி டாலர் செலவழித்த படம் அமெரிக்காவில் 2 கோடியைக்கூடத் தொடவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். என்னியோ மோரிக்கோனே இசைக்கு, வருஷத்தின் மோசமான இசை என்று ராஸி (மோசமான படங்களுக்குக் கொடுக்கும் கேலி விருது) பரிந்துரை கொடுத்தார்கள். அந்த இசையைக் கேட்டுவிட்டு வந்து சொல், அவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று.

நான் அதைப் பார்த்தது வீடியோ கேசட்டில். மதுரையில் அப்போது டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று நான்கு படம் ஓட்டுவோம். அந்தக் கேசட்டில் ஓரிடத்தில் மட்டும் படம் கோடுகோடாக ஓடும். அதுவரை வாடகைக்கு எடுத்தவன் எல்லாம் அதே இடத்தை ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்திருக்கிறான். ரத்தப் பரிசோதனைக் காட்சி.

அண்டார்க்டிகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம், குளிர்காலம், வெளியே போக வழியில்லை. உள்ளே இருப்பவர்களில் யாரோ மனிதன் இல்லை. யார் என்று யாருக்கும் தெரியாது. கர்ட் ரஸ்ஸல் எல்லோரையும் கட்டிப்போட்டு, கட்டைவிரலைக் கீறி, ஆளுக்கொரு தட்டில் ரத்தம் எடுக்கிறான். ஒரு செம்புக் கம்பியைச் சூடாக்கி ஒவ்வொரு தட்டிலும் வைக்கிறான். மனித ரத்தமாக இருந்தால் சுர்ரென்று பொசுங்கும். வேறு ஏதாவது என்றால் அந்த ரத்தமே உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். சற்று முன் அவன் சுட்டுக் கொன்ற ஆளின் ரத்தம் பொசுங்குகிறது, அப்படியென்றால் அவன் கொன்றது ஒரு மனிதனை. அதற்குள் கவனம் எல்லாம் கட்டிப்போட்ட தலைவர்மேல் திரும்புகிறது, இவனாகத்தான் இருக்கும் என்று நீயும் நானும் முடிவு கட்டிவிடுகிறோம். கர்ட் ரஸ்ஸல் அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே, தட்டைப் பார்க்காமல் கம்பியை நீட்டுகிறான். அப்போது துள்ளுவது வேறொருவன் ரத்தம். கையில் இருக்கும் தீப்பீய்ச்சி அந்த நேரம் பார்த்துப் பற்றமாட்டேன் என்கிறது. இந்தக் காட்சியின் பெரும்பகுதியில் பூதமே கிடையாது. ஒரு கம்பி, சில தட்டுகள், வியர்த்த முகங்கள்.

பூதம் வரும் இடங்களும் லேசுப்பட்டவை அல்ல. ராப் பாட்டின் என்கிற இருபத்து சொச்சம் வயசுப் பையன் ரப்பரையும் பிசினையும் வைத்துக்கொண்டு ராப்பகலாகச் செய்தது. படம் முடிந்ததும் உடம்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கண்ணெதிரே நடப்பது. இப்போது இருநூறு பேர் சேர்ந்து வரைந்து தரும் அரக்கனுக்கு எடையே இருப்பதில்லை.

தொடர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், கடைக்கு ஆள் வந்திருக்கிறது.

குரோம்பேட்டை பிரிடேட்டர்

இரண்டாம் ஆட்டம் சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இது உங்களுக்குத் தோதான படங்களை மட்டும் பொறுக்கிக் கோத்த மாலை. ஏலியன்ஸ் எப்போது வந்தது? 1986 ஜூலை 18. பிரிடேட்டர்? 1987 ஜூன் 12. ரோபோகாப் அதே வருஷம் ஜூலை 17. டெர்மினேட்டர் 2 வந்தது 1991 ஜூலை 3, சரியாக ஜூலை 4-க்கு முந்தின நாள். ஜுராசிக் பார்க் 1993 ஜூன் 11. ஜாஸே ஜூன் 20 தானே? இதெல்லாம் கோடையின் நட்டநடுவில் வந்து வசூலையும் அள்ளின, இன்றைக்கும் நிற்கின்றன. ஆகஸ்டில் வந்த குப்பைகளைப் பட்டியல் போட்டால் இந்தத் திரி தாங்காது.

தி திங் விழுந்ததற்கு ஈ.டி.மேல் பழி போடுவதும் பழைய பாட்டு. அன்றைய ஜனங்களுக்கு அந்த ரத்தக்களறி தாங்கவில்லை, அவ்வளவுதான். டிசம்பரில் விட்டிருந்தாலும் விழுந்திருக்கும்.

நியூ ஜெர்சி மாமி

சண்டை போடுங்கோ, நடுவில் நான் ஒன்று சொல்கிறேன். கோடைக்கும் சினிமாவுக்கும் இங்கே முடிச்சு போட்டதே ஏ.சி.தான். அதற்கு முன்னால் கோடை வந்தால் தியேட்டர்காரர்களுக்குச் சோதனைக் காலம், புழுக்கத்தில் யார் போய் உட்காருவார்கள்? 1925-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து ரிவோலி தியேட்டரில், மெமோரியல் டே சமயத்தில், கேரியர் ஏ.சி. ஓடத் தொடங்கியது. அப்புறம் படம் எதுவானாலும் சரி என்று ஜில்லென்று உட்கார வந்தார்கள். எங்கள் அத்தை தி.நகரில் பண்ணியதும் அதேதான், படத்தின் பெயர்கூடக் கேட்கமாட்டாள்.

இன்னொன்று டிரைவ்-இன், காரிலேயே உட்கார்ந்து பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர். உலகத்தின் முதல் டிரைவ்-இன் தியேட்டர் 1933 ஜூன் 6-இல் இதே நியூ ஜெர்சியில், கேம்டன் பக்கம் திறந்தது. இப்போது எங்கள் மாநிலத்தில் மிஞ்சியிருப்பது வைன்லாந்தில் ஒன்றே ஒன்று. பையன்களோடு போயிருக்கிறேன். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம், சத்தம் கார் ரேடியோவில் வரும். ஆனால் ஜூனில் இருட்டவே ஒன்பது மணி ஆகிறது. முதல் படம் முடிந்து இரண்டாவது தொடங்கும்போது பாதிராத்திரி தாண்டிவிடும். குழந்தைகள் பின் சீட்டில் தூங்கிப்போய்விடும், கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் வேர்வை. அந்த நேரத்தில்தான் பேய்ப் படம் போடுவார்கள். முதலில் குடும்பப் படம், குழந்தைகள் தூங்கினதும் உங்கள் கோஷ்டிப் படம். ஆகையால் இரண்டாம் ஆட்டம் சார் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டாம் ஆட்டம்

மாமி, என் பெயருக்கு இதைவிட நல்ல விளக்கம் யாரும் கொடுத்ததில்லை. நன்றி.

பிரிடேட்டர் தம்பி, நீங்கள் சொன்ன படம் எல்லாம் எனக்கும் உயிர். ஆனால் அவற்றை எடுத்த விதத்தைப் பாருங்கள். ஜாஸில் அந்த இயந்திரச் சுறா, புரூஸ் என்று செல்லப்பெயர், உப்புத் தண்ணீரில் இறக்கியதும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா இல்லாமல் எப்படிப் பயம் காட்டுவது? மஞ்சள் பீப்பாயைக் கட்டி மிதக்கவிட்டார் ஸ்பீல்பெர்க். பீப்பாய் நகர்ந்தால் சுறா நகர்கிறது. பீப்பாய் தண்ணீருக்குள் போய்விட்டால் நமக்கு மூச்சு போய்விடுகிறது. தாமிரபரணிக்காரப் பையன் காலைச் சுருக்கினானே, சுறாவைப் பார்த்து இல்லை, பார்க்காததால்தான். பிரிடேட்டரிலும் அதேதான், ரொம்ப நேரம் இலைகளுக்கு நடுவே காற்று நெளிவது மட்டும்தான் தெரியும். ஜுராசிக் பார்க்கில் டைனோசர் திரையில் நிற்பது மொத்தமாக ஒரு 15 நிமிஷம். கையில் இல்லாததை வைத்துச் சமாளித்தார்கள். இன்றைக்கு ஜூனில் வரும் படத்துக்கு இல்லாதது என்று ஒன்றுமில்லை, கேட்டதெல்லாம் கிடைக்கிறது. ஆகஸ்ட் படத்துக்கு இன்னும் பற்றாக்குறை இருக்கிறது, அதனால்தான் நான் ஆகஸ்ட் என்கிறேன்.

ஆகஸ்டில் குப்பை வராது என்று நான் சொல்லவேயில்லை. குப்பையைக் கிளறத் தயாராக இருக்கிறவனுக்குத்தான் இந்த ரசனை. தி திங் டிசம்பரிலும் விழுந்திருக்கும் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நகம் கழன்று காது விழும் தி ஃப்ளை நாலு வருஷம் கழித்து ஆகஸ்டில் ஓடியதே, அதில் மட்டும் ரத்தக்களறி இல்லையா? ஒப்பனைக்கு ஆஸ்கரே கொடுத்தார்கள்.

இப்போது தொடருக்கு வருகிறேன்.

அமெரிக்க டி.வி.யில் சீசன் என்பது செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடியும். பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து விளம்பர விலை பேசும் முக்கியமான மாதங்கள் நவம்பர், பிப்ரவரி, மே. கோடையில் ஜனங்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள் என்று சேனல்காரன் பழைய எபிசோடையே திரும்பப் போட்டுவிட்டுத் தூங்குவான். அவன் தூங்கும் நேரத்தில்தான் நம்ம ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். 1968 ஜூன் 1, சி.பி.எஸ். சேனல் ஜாக்கி கிளீசன் என்ற பெரிய நகைச்சுவைக்காரரின் நிகழ்ச்சிக்குக் கோடை விடுமுறை விட்டு, அந்த இடத்தை நிரப்ப ஒரு பிரிட்டிஷ் தொடரைப் போட்டது. தி பிரிசனர். வேலையை ராஜினாமா செய்த ஒரு உளவாளியை மயக்கி, அழகான ஒரு கடற்கரைக் கிராமத்தில் அடைத்து, பெயரைப் பிடுங்கிக்கொண்டு ஆறாம் எண் என்று கூப்பிடுகிறார்கள். தப்பி ஓடினால் ஒரு பெரிய வெள்ளைப் பலூன் உறுமிக்கொண்டு துரத்தி முகத்தை மூடி அமுக்குகிறது. பலூன்! எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது, பார்க்கும்போது வராது. மொத்தம் 17 எபிசோட். வேல்ஸில் போர்ட்மெய்ரியன் என்ற நிஜமான ஊரில் எடுத்தது. செப்டம்பர் மாதத்தில் எந்த அமெரிக்கச் சேனலும் இதற்கு அரைமணி நேரம்கூடக் கொடுத்திருக்காது.

பின்னால் கேபிள் சேனல்கள் இதையே தொழிலாக்கின. தி டெட் ஜோன் 2002 ஜூனில், தி 4400 2004 ஜூலையில், யுரேகா 2006 ஜூலையில், வேர்ஹவுஸ் 13 2009 ஜூலையில். பெரிய சேனல்கள் கடையைச் சாத்தும் நேரத்தில் இவர்கள் பெட்டிக்கடை போட்டார்கள். நீ பார்த்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸும் 2016 ஜூலை 15-இல், பெரிய ஆரவாரம் எதுவும் இல்லாமல், எட்டே எபிசோடாக வந்ததுதான். அதன் கடைசி சீசன் எப்போது வந்தது என்று கவனித்தாயா? 2025 நவம்பரிலும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்குமாகப் பிரித்து விட்டார்கள். பெரிய ஆளானதும் பெரிய ஆட்களின் தேதிக்குப் போய்விட்டது. எபிசோட் நீளமும் படத்தின் நீளத்துக்கு வந்துவிட்டது. எனக்கு முதல் சீசன் போதும், சுவரில் எழுத்து எழுதி விளக்கைப் போட்டு அணைத்து அம்மாவும் மகனும் பேசுகிற சீசன்.

கேபிள்காரர் மகள்

அண்ணா, யுரேகா பெயரைப் பார்த்ததும் ஓடி வந்தேன். தூத்துக்குடியில் அப்பா கேபிள் நடத்தியபோது எந்தச் சேனலை எந்த எண்ணில் போடுவது என்பது என் கையில் இருந்தது. ஆங்கிலச் சேனலை யாரும் தேடமாட்டார்கள் என்று எங்கள் வீட்டுக்கு மட்டும் தெளிவாக வரும்படி வைத்துக்கொள்வேன். விஞ்ஞானிகள் மட்டுமே வாழும் ஓர் ஊருக்குச் சாதாரண அறிவுள்ள ஒருவர் ஷெரிஃப் ஆகிறார், அதுதான் யுரேகா. அவர் தங்கும் வீடு பேசும், கோபித்துக்கொள்ளும். அவர் ஊரைவிட்டுப் போகப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் எல்லோரையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொள்ளும். பயமும் இல்லாமல் சோகமும் இல்லாமல், ராத்திரி கரண்ட் போகாத நாளில் பார்க்க அதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியவில்லை. ஐந்து சீசன் ஓடி ஒழுங்காகக் கதையை முடித்தும் வைத்தார்கள்.

ஆனால் தம்பியிடம் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுங்கள். கோடைத் தொடர்களில் பாதி அந்தரத்தில் தொங்கும். தி 4400 தொடக்கம் அபாரம். வெவ்வேறு வருஷங்களில் காணாமல்போன 4,400 பேர் ஒரே நேரத்தில் ஓர் ஒளிப்பந்திலிருந்து இறங்கி வருகிறார்கள், ஒருவருக்கும் வயசு கூடவில்லை. 1990-களில் காணாமல்போன ஒரு பெண் வந்து பார்த்தால் கணவர் வேறொருத்தியைக் கட்டி எல்லாம் முடிந்திருக்கிறது. நாலு சீசன் பார்த்து உருகிக் கிடந்தேன், கதையை முடிக்காமலே தொடரை நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்கடை என்று நீங்கள் சொன்னது சரிதான், நாளைக்குத் திறக்குமா என்று நம்ப முடியாது.

2013 ஜூனில் வந்த அண்டர் தி டோம் பக்கம் போகவே வேண்டாம். ஊர்மேல் கண்ணாடிக் கிண்ணம் கவிழ்ந்த மாதிரி ஒரு தடுப்பு விழுந்து, பசுமாடு நடுவில் இரண்டாகப் பிளப்பதோடு தொலைக்காட்சியை அணைத்துவிடலாம். அந்த மாடு பிரமாதம். மற்றபடி மூன்று சீசனும் வீண்.

மலைநாட்டான்

கண்டியிலிருந்து எழுதுகிறேன். கோடைப் படம் பற்றிப் பேசுபவர்கள் 1984-ஐ மறக்கக் கூடாது. இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படம் மே 23-இல், கிரெம்லின்ஸ் ஜூன் 8-இல். இந்தியானா ஜோன்ஸில் ஒருவன் நெஞ்சுக்குள் கைவிட்டு இதயத்தைப் பிடுங்குகிறான், கிரெம்லின்ஸில் குட்டிச்சாத்தானை மைக்ரோவேவில் வைத்து வெடிக்க வைக்கிறார்கள். பிள்ளைகளோடு போன பெற்றோர் கொதித்துப் போனதால், பதின்மூன்று வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் பி.ஜி.-13 என்ற புதுச் சான்றிதழை அந்த ஜூலையிலேயே கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய படங்களில் பலவும் அந்தச் சான்றிதழுக்கு ஏற்ற அளவில்தான் ரத்தம் காட்டின. பையன் சொல்லும் உப்புச்சப்பில்லாத படங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தில் இந்தியா என்று காட்டியதில் பெரும்பகுதி எங்கள் பக்கம் எடுத்தது. கதையைப் பார்த்து இந்திய அரசாங்கம் மறுத்ததால் இங்கே வந்தார்கள். கடைசியில் அறுபடும் தொங்குபாலத்தை விக்டோரியா அணைக்கட்டுப் பக்கம் கட்டினார்கள். படத்தில் இந்தியர்களைக் காட்டிய விதம் சகிக்காது, அது வேறு கதை.

பாளையங்கோட்டைப் பையன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தி திங் பார்த்துவிட்டேன். அந்த ரத்தப் பரிசோதனை வரும்போது பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியை உதைத்துவிட்டேன், அவன் எழுந்து மிச்சப் படத்தையும் பார்த்தான். ஆனால் ஒரு சந்தேகம். கடைசியில் மிஞ்சுகிற இரண்டு பேரில் யார் அது? தம்பி ஒன்று சொல்கிறான், நான் ஒன்று சொல்கிறேன். அப்புறம், பிளேடு ரன்னர் தேடினால் ஏகப்பட்ட பதிப்பு வருகிறது. எதைப் பார்ப்பது?

இரண்டாம் ஆட்டம்

யார் என்று சொல்லமாட்டேன். நீயும் தம்பியும் அடித்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் கார்பென்டர் அப்படி முடித்திருக்கிறார்.

பிளேடு ரன்னரில் 2007-இல் வந்த ஃபைனல் கட் பார். 1982-இல் தியேட்டரில் விட்டதில் ஸ்டுடியோக்காரர்கள் பயந்துபோய், ஹாரிசன் ஃபோர்டைப் பிடித்து வைத்து, கதை புரிவதற்காகப் பின்னணியில் பேச வைத்தார்கள். மனுஷன் தூக்கக் கலக்கத்தில் பேசுவது மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு, காதலர்கள் பச்சை மலைகளுக்கு நடுவே கார் ஓட்டிக்கொண்டு போவதாக ஒரு சுபமான முடிவு. அந்த மலைக் காட்சி, குப்ரிக் தன் தி ஷைனிங் படத்துக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்த ஃபிலிமில் வெட்டி ஒட்டியது. 1992-இல் வந்த பதிப்பிலேயே பேச்சையும் மலையையும் தூக்கிவிட்டார்கள். 2007 பதிப்புதான் ரிட்லி ஸ்காட் முழுசாகத் தன் இஷ்டப்படி செதுக்கியது. மழை, நியான் விளக்கு, புகை, மெதுவாகப் போகும். ஜந்து எதுவும் கடிக்காது. ஆகவே தம்பி தூங்கின பிறகு பார்.

தி ஃப்ளை பார்க்கும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடு.